வாக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு 'நடப்பவர்' என்றா பொருள்?

இல்லை, துணி மிதிப்பவர்.

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி நெகிழ்ந்து கிடக்கும். ஆட்டு ரோமத்தின் பிசுக்கும் அதில் இருக்கும். தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரை ஊற்றி (ஆமாம், அதையேதான்) காலால் மிதிப்பார்கள். அதிலுள்ள அம்மோனியா பிசுக்கை எடுக்கும். மிதிபட மிதிபட ரோம இழைகளின் நுண்செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டிப்படும். மிச்ச எண்ணெயை உறிஞ்ச 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்ற களிமண். நாம் முகத்தில் பூசும் முல்தானி மெட்டியும் அதே வகைதான். கடைசியில் சட்டத்துக் கொக்கிகளில் இழுத்து மாட்டிக் காயவைக்காவிட்டால் துணி கோணலாகிவிடும்.

பழைய ஆங்கிலத்தில் 'வாக்' என்ற வினையின் மூலச்சொல்லுக்குப் புரட்டுதல், உருட்டுதல் என்றே பொருள். நடப்பது என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. 12ஆம் நூற்றாண்டு முதல் தண்ணீரில் ஓடும் மர உலக்கைகள் மிதிக்கும் வேலையை எடுத்துக்கொண்டன. பெயர் மட்டும் காலைவிட்டு இறங்கவில்லை.

இதே தொழிலுக்கு வட இங்கிலாந்தில் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். விக்லிஃப் விவிலியம் என்ற 14ஆம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் மாற்கு 9ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: தமிழில் வண்ணான் என்று வரும் இடத்தில், ஃபுல்லர் அல்லது வாக்கர் என இரண்டு சொல்லையும் போட்டிருக்கிறார்கள்.

ஊருக்கு ஊர் துணி மிதித்தவர்கள் இருந்ததால் வாக்கர்கள் எல்லாரும் ஒரே வம்சம் இல்லை. ஸ்காட்லாந்தில் 'துணி மிதிப்பவரின் மகன்' என்று பொருள்படும் கேலிக் மொழிப் பெயரை வாக்கர் என்று மொழிபெயர்த்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. ஆகவே 'வாக்கர் குலச்சின்னம்' என்று விற்கும் கோப்பையை வாங்கிக் காசை விடாதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் தனி ஒருவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது, பெயருக்கு அல்ல.

குடும்பத்தைத் தேடுகிறவர்கள் கடைசித் தலைமுறையிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் திருச்சபைப் பதிவேடுகள், பழையவை 1538 வரை போகும். பலர் சறுக்குவது 1841 கணக்கெடுப்பில்தான். அதில் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். அதை அப்படியே நம்பினால் பிறந்த வருடம் நான்கு தள்ளிப்போய், வேறொரு ஜான் வாக்கரைத் தாத்தாவாக்கிவிடுவீர்கள்.