அறுபது பேருக்குப் புல்டு போர்க், கையைக் கடிக்காமல்: கேள்வி பதில்

வட கரோலினாவின் ராலே நகரில் ஒரு கேட்டரிங் சமையலறையில் வேலை செய்கிறேன். பன்றியின் தோள்கறியை மணிக்கணக்கில் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, பன்னில் வைத்துத் தரும் புல்டு போர்க்தான் இந்த ஊரில் கூட்டம் கூடும் இடங்களின் சாப்பாடு. கோடைச் சுற்றுலாக்கள் நெருங்குவதால் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்.

கேள்வி (கேரி): அக்கா, நாற்பது பெரியவர்கள், இருபது குழந்தைகள். உணவுக்கு மொத்தம் 250 டாலர்தான் வசூல். முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் கணக்கை வெந்த கறியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். பெரியவருக்கு வெந்த கறி மூன்றில் ஒரு பவுண்டு, குழந்தைக்கு ஐந்தில் ஒரு பவுண்டு. மொத்தம் பதினேழு, பதினெட்டு பவுண்டு வரும். எலும்போடு வாங்கும் தோள்கறி வெந்து, நீர் வற்றி, கொழுப்பு உருகி, எலும்பும் போனபின் பாதிதான் தேறும். எனவே பச்சைக் கறி 35 பவுண்டு வேண்டும். பலரும் பச்சைக் கறியையே ஆளுக்கு மூன்றில் ஒரு பவுண்டு என்று வாங்கிவிட்டு, வரிசையில் பாதிப் பேர் நிற்கும்போதே காலித் தட்டைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள்.

கடையில் ‘பாஸ்டன் பட்’ என்று எழுதியிருக்கும் மேல்தோள் துண்டை வாங்குங்கள். ஒவ்வொன்றும் எட்டு, ஒன்பது பவுண்டு இருக்கும், நான்கு போதும். பவுண்டு 2 டாலர் என்று வைத்தால் 70 டாலர். ஜூலை 4, செப்டம்பரில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினம் போன்ற விடுமுறைகளுக்கு முந்தைய வாரங்களில் விலை இறங்கும். அப்போதே வாங்கி உறையவைத்துவிடுங்கள். பன் ஏழு டஜன். கறியோடு தரும் கலவைக்கு நடுத்தர முட்டைக்கோஸ் ஐந்து, வினிகர், மசாலா, காகிதத் தட்டு எல்லாம் போக இனிப்புக்கும் காசு மிஞ்சும்.

உறைந்த கறியைக் குளிர்பெட்டிக்குள் வைத்தே இளக்க வேண்டும். இந்த அளவு துண்டுக்கு முழுதாக இரண்டு நாள் ஆகும். சமையல் மேடைமேல் இரவு முழுக்க வைக்காதீர்கள்.

கேள்வி (சார்லட்): டெண்டர்லாயின் (முதுகெலும்பை ஒட்டிய மென்மையான சதை) தள்ளுபடியில் கிடைக்கிறது. அதில் செய்யலாமா?

கூடாது. கொழுப்பும் இல்லை, இணைப்புத் திசுவும் இல்லை. பிய்த்தால் தேங்காய் நார்தான் கிடைக்கும்.

கேள்வி (அட்லான்டா): நான்கு துண்டுகளை ஒரே ஓவனில் வைத்தால் நேரமும் நான்கு மடங்கு ஆகுமா? மொத்தம் எத்தனை மணி நேரம்?

ஆகாது. வேகும் நேரத்தைத் தீர்மானிப்பது ஒரு துண்டின் தடிமன். துண்டுகளுக்கு நடுவே காற்றுப் போக இடம் விட்டால் சற்றுத்தான் கூடும்.

எத்தனை மணி நேரம் என்பதற்கு நேர்ப் பதில் கிடையாது. 275 ஃபாரன்ஹீட்டில் எட்டு மணி நேரத்திலும் முடியலாம், பத்தரை மணி நேரமும் இழுக்கலாம். ஒரே பெட்டியில் வந்த இரண்டு துண்டுகளே ஒன்றரை மணி நேரம் முன்பின்னாக வெந்து நிற்கும். கறியின் உள்வெப்பம் 195 முதல் 205 ஃபாரன்ஹீட்டுக்கு (சுமார் 90 முதல் 96 செல்சியஸ்) வர வேண்டும். பதினைந்து டாலர் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். கடிகாரத்தைப் பார்த்துச் சமைக்காதீர்கள்.

நடுவில் ஒரு சோதனை வரும். 150, 160 ஃபாரன்ஹீட்டை எட்டியதும் முள் அசையாமல் நின்றுவிடும். சில சமயம் மணிக்கணக்கில் நிற்கும். ஓவன் கெட்டுவிட்டது என்று பதறிப் பலர் சூட்டை ஏற்றிவிடுகிறார்கள். ஓவனில் எந்தக் கோளாறும் இல்லை. கறியின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது, வியர்வை உடம்பைக் குளிர்விப்பதுபோல் கறியைக் குளிர்விக்கிறது. உள்ளே போகும் சூடும் வெளியேறும் சூடும் சமமாகிவிடுகின்றன. முதல் நான்கு மணி நேரம் திறந்தே வைத்து மேலே கருஞ்சிவப்பாகப் பொருக்குக் கட்டவிடுங்கள். பிறகு அலுமினியத் தாளால் இறுக மூடினால் ஆவியாவது நிற்கும், முள் நகரும்.

அதன் பிறகுதான் காரியமே நடக்கிறது. தோளின் இணைப்புத் திசுவில் இருக்கும் கொலாஜன் என்ற கடினமான புரதம் மெல்ல மென்மையான ஜெலட்டினாக மாறும். வெந்துவிட்டதா என்பதற்கு எங்கள் சமையலறையில் கடைசிச் சோதனை, துண்டின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் தட்டை எலும்பைத் துணியால் பிடித்து இழுத்துப் பார்ப்பது. ஒரு துளிச் சதைகூட ஒட்டாமல், கழுவி வைத்ததுபோல் வெள்ளையாக உருவி வர வேண்டும். அடம் பிடித்தால் மூடி மறுபடி உள்ளே வையுங்கள்.

கேள்வி (டாலஸ்): அரசாங்கமே 145 ஃபாரன்ஹீட் போதும் என்கிறதே?

அமெரிக்க வேளாண்மைத் துறை 2011இல் முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கு அப்படி அறிவித்தது. 145 வரை வேகவைத்து மூன்று நிமிடம் ஆறவிட்டால் சாப்பிடுவதற்குப் பாதுகாப்பானது. ஆனால் தோள்கறி அந்தச் சூட்டில் பிய்யாது. கத்தியால்தான் அறுக்க வேண்டும்.

கேள்வி (எடிசன்): பிரஷர் குக்கரில் எத்தனை விசில்?

விசில் குக்கருக்குக் குக்கர் மாறும். எலும்பை நீக்கி இரண்டு அங்குலத் துண்டுகளாக்கி, அரை டம்ளர் வினிகரும் அரை டம்ளர் தண்ணீரும் விட்டு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஐம்பது நிமிடம் வையுங்கள். பிய்யும். பொருக்கு இருக்காது, பிய்த்த கறியைத் தட்டில் பரப்பி ஓவனின் மேல்சூட்டில் ஐந்து நிமிடம் காட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். அறுபது பேருக்கு இந்த வழி வேண்டாம், நாள் முழுக்க குக்கரோடு மல்லுக்கட்டுவீர்கள்.

கேள்வி (ராலே): மசாலாவும் சாஸும் சொல்லுங்கள் அக்கா.

மசாலா: பழுப்புச் சர்க்கரை, பாப்ரிகாத் தூள் சம அளவு, அதில் பாதி மிளகுத்தூள், பூண்டுத்தூள், காரத்துக்கு மிளகாய்த்தூள். உப்பைத் தனியாக, பவுண்டுக்கு ஒரு டீஸ்பூன் வீதம் முந்தைய இரவே தடவுங்கள்.

சாஸ்: ஆப்பிள் சைடர் வினிகர் இரண்டு கப், மிளகாய்ச் செதில் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு இரண்டு டீஸ்பூன், மிளகு ஒரு டீஸ்பூன். குலுக்கி ஒரு நாள் வையுங்கள், அவ்வளவுதான். கொழுப்பான கறிக்குப் புளிப்புதான் தோது. புளிக்குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (வின்ஸ்டன் சேலம்): தக்காளி கெச்சப் சேர்க்காத சாஸ் ஒரு சாஸா? லெக்சிங்டன் பக்கம் வந்து பாருங்கள்.

வந்தது வினை. இது கேள்வியே இல்லை, வம்பு. இருந்தாலும் பதில் சொல்கிறேன்.

இந்த மாநிலத்தில் இரண்டு கட்சிகள். கிழக்கே முழுப் பன்றியைக் கரியில் வாட்டி, கொத்தி, வெறும் வினிகரும் மிளகாயும் கலப்பார்கள். ஏய்டன் ஊரில் 1947 முதல் நடக்கும் ஸ்கைலைட் இன் உணவகத்தில் இன்றும் அப்படித்தான். மேற்கே லெக்சிங்டனில் தோள்கறி மட்டும். வினிகரில் கொஞ்சம் கெச்சப் சேர்த்து அதற்கு ‘டிப்’ என்று பெயர், முட்டைக்கோஸ் கலவையும் அதனால் சிவப்பு. நீதிமன்றம் கூடும் வாரங்களில் எதிரே கூடாரம் அடித்து விற்றதில் தொடங்கிய ஊர் அது. 1984 முதல் அக்டோபரில் திருவிழா நடத்துகிறார்கள். மாநிலத்துக்கே அதிகாரபூர்வ பார்பிக்யூ திருவிழா என்று பட்டம் கேட்டபோது கிழக்குக்காரர்கள் விடவில்லை. 2007இல் லெக்சிங்டன் இருக்கும் பீட்மான்ட் ட்ரையட் பகுதிக்கு மட்டும் அதிகாரபூர்வ உணவுத் திருவிழா என்று சட்டமன்றம் சமரசம் செய்தது.

பணம் குறைவாக இருக்கிறவர்களுக்கு என் தீர்ப்பு: தோளை மேற்கிலிருந்தும் சாஸைக் கிழக்கிலிருந்தும் எடுங்கள்.

கேள்வி (கிரீன்வில்): முழுப் பன்றி இல்லையென்றால் அது பார்பிக்யூவே அல்ல. ஓவனில் செய்வதற்கு அந்தப் பெயரையே சொல்லக் கூடாது!

சொல்லவில்லையே, மேலே தேடிப் பாருங்கள். புல்டு போர்க் என்றுதான் எழுதியிருக்கிறேன். விறகுப் புகை இல்லாத கறிக்கு அந்தப் பெயரை நானும் தரமாட்டேன்.

கேள்வி (கொலம்பியா, தென் கரோலினா): கடுகு சாஸை மறந்துவிட்டீர்களே?

மறக்கவில்லை. உங்கள் மஞ்சள் சாஸ் எனக்குப் பிடிக்கும். அதை இங்கே சொன்னால் வேலை போய்விடும்.

கேள்வி (ஆஸ்டின்): மாட்டு பிரிஸ்கெட்டுக்கு (நெஞ்சுக்கறி) முன்னால் இதெல்லாம்...

அடுத்த கேள்வி.

கேள்வி (டர்ஹாம்): காலையில் நான்கு மணிக்கு எழுந்து வைத்தால் மதியம் பரிமாறிவிடலாமா?

இன்று நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வையுங்கள்: முந்தைய நாளே சமைத்துவிடுங்கள். முள் எத்தனை மணிக்கு நகரும் என்று யாருக்கும் தெரியாது, பசித்த குழந்தைகள் காத்திருக்க மாட்டார்கள்.

வெந்த துண்டுகளை முக்கால் மணி நேரம் ஆறவிட்டுச் சூட்டோடு பிய்த்து, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் போகாமல் தட்டுகளில் பரப்பிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பெரிய அண்டாவில் குவித்து மூடி வைப்பதுதான் ஆபத்து. கறியைக் கெடுக்கும் சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாது. குவியலின் நடுவில் சூடு மெல்ல இறங்கும்போது அவை பெருகும். உணவகங்களுக்கு விதியே இருக்கிறது: 135இலிருந்து 70 ஃபாரன்ஹீட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 41க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்.

தட்டில் வடிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். தனியாகக் குளிரவைத்தால் மறுநாள் மேலே வெள்ளைக் கொழுப்பு ஏடாகக் கட்டியிருக்கும்; தூக்கி எறியுங்கள். அடியில் பழுப்பு நிறத்தில் தளதளவென்று அசையும் கூழ்தான் சுவை. அதைக் கறிமேல் போட்டு, தாளால் மூடி, 325 ஓவனில் உள்வெப்பம் 165 வரும்வரை சூடாக்குங்கள்.

கேள்வி (மோரிஸ்வில்): பூங்காவில் மின்சாரம் இல்லை. சூடு எப்படி நிற்கும்?

ஐஸ் பெட்டியில் வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் கழித்துக் கொட்டுங்கள். பழைய குளியல் துவாலைகளை விரித்து, சூடான தட்டுகளை இறுக மூடி அடுக்குங்கள். மூன்று மணி நேரம் நிற்கும். 140 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும், வெயில் 90க்கு மேல் என்றால் ஒரு மணி நேரத்தில். தெர்மாமீட்டர் வாங்கிவிட்டீர்கள் அல்லவா?

கேள்வி (சியாட்டில்): எட்டு பவுண்டுக்கு எத்தனை மணி நேரம்?

மேலே அட்லான்டாக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (சிகாகோ): இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சாரக் குக்கரில் எத்தனை விசில்?

அது விசிலே அடிக்காது.

கேள்வி (கேரி): பன்றி சாப்பிடாதவர்களும் சைவர்களும் வருகிறார்கள்.

டப்பாவில் வரும் பலாமூசு (இளம் பலாக்காய்) வாங்குங்கள். உப்பு நீரில் ஊறியதாக இருக்க வேண்டும். சர்க்கரைப் பாகில் ஊறியது பழம், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பிழிந்து, பிய்த்து, அதே மசாலாவில் வதக்கி, வினிகர் சாஸ் ஊற்றுங்கள். கரண்டி, தட்டு, சாஸ் புட்டி எல்லாம் தனி. பெயர் எழுதி மேசையின் மறுகோடியில் வையுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): மிஞ்சினால்?

குளிர்பெட்டியில் நான்கு நாள் தாங்கும். இரும்புச் சட்டியில் கறிவேப்பிலை, மிளகு, தேங்காய்ப் பல் போட்டு ஓரம் முறுகும்வரை வறுங்கள். இதற்காகவே நான் ஒரு துண்டு கூடுதலாக வைப்பேன்.

கேள்வி (டாம்பா): கொழுப்பை வெந்நீரோடு சிங்க்கில் ஊற்றலாமா?

கூடாது. குழாய்க்குள் போய் உறைந்துகொள்ளும்; மிச்சப்படுத்திய பணமெல்லாம் பிளம்பருக்குப் போகும். பழைய டப்பாவில் ஊற்றி, இறுகியதும் குப்பையில் போடுங்கள்.