ஒற்றைத் தோட்டா ரைபிளில் அப்படி என்ன ஈர்ப்பு? கொங்குப் பக்கம் வைத்துக்கொள்ள முடியுமா, வேட்டைக்கு எடுக்கலாமா?

கேள்வியில் மூன்று சேதி இருக்குங்க. மேகசினில் ஐந்து தோட்டா போடும் ரைபிள் இருக்கும்போது ஒவ்வொன்றாகக் கையில் போட்டுச் சுடுவதை ஏன் சிலர் விரும்புகிறார்கள் என்பது ஒன்று. நம்ம பக்கம் வேட்டைக்கு எடுக்கலாமா என்பது இன்னொன்று. இங்கே உரிமத்தோடு வைத்துக்கொள்ள முடியுமா, வீட்டில் தாத்தா காலத்து ஒற்றைக்குழல் இருந்தால் அதை என்ன செய்வது என்பது மூன்றாவது.

நடுவில் இருப்பதை முதலில் முடித்துவிடலாம். வேட்டை முடியாது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே வைக்கவில்லை. முயல், கௌதாரி, மயில், காட்டுப்பன்னி எல்லாமே பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. சொந்தப் பட்டா நிலம், கோயில் நோன்பிக்குப் பாரி வேட்டை, பயிர் போச்சு என்று எதைச் சொன்னாலும் விலக்கு கிடையாது. காட்டுப்பன்னிக்கு 2025 தொடக்கத்தில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடவே கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால்தான் சுடலாம். அதையும் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள், தோட்டக்காரர் இல்லை. சத்தியமங்கலம், அந்தியூர், ஆனைமலை அடிவாரத்துக்காரர்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு கம்பி எண்ண வேண்டாம்.

இனி ஈர்ப்புக்கு வருவோம். அது முழுக்கப் பின்வாய்ப் பூட்டில், அதாவது குழலின் பின்பக்கத்தை அடைக்கும் அமைப்பில்தான் இருக்கிறது. லேத்துப் பட்டறை பார்த்து வளர்ந்த கோயம்புத்தூர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம்.

இறங்குகட்டைப் பூட்டைப் பாருங்க. விசைக்கு, அதாவது ட்ரிகருக்குக் கீழே உள்ள லீவரை முன்னால் தள்ளினால், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் எஃகுக் கட்டி செங்குத்துக் காடியில் கீழே இறங்கும். வாய்க்கால் மதகில் பலகை ஏறி இறங்குவது மாதிரியேதான். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, லீவரைத் திரும்ப இழுத்தால் கட்டி மேலே வந்து அடைத்துக்கொள்ளும். வெடிப்பின் உதை பின்னால் வரும்போது அந்தக் கட்டி காடியின் பின்சுவரில் முழுசாகச் சாய்ந்து நிற்கும். தாழ்ப்பாள் மாதிரி திருப்பி முன்னும் பின்னும் இழுக்கும் போல்ட் வைத்த ரைபிளில் இந்த உதையை அந்தப் போல்ட்டில் துருத்தி நிற்கும் இரண்டு சின்னக் காதுகள்தான் தாங்குகின்றன. இங்கே ஒரு முழுக் கட்டியே தாங்குகிறது. அமெரிக்காவில் சார்ப்ஸ் 1848இல் காப்புரிமை வாங்கியதும், ஸ்காட்லாந்தின் ஃபார்க்கர்சன் 1872இல் வாங்கியதும் இந்த வகைதான். ஜான் பிரௌனிங் வடிவமைத்ததை வின்செஸ்டர் கம்பெனி விலைக்கு வாங்கி 1885ஆம் மாடலாக விற்றது. மேகசின் ரைபிள்கள் எங்கும் பரவிய பிறகும், 1967இல் ரூகர் இதே வகையில் நம்பர் 1 என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து விற்றுக் காட்டியது.

இரண்டாவது வகை மார்ட்டினி. அதில் கட்டி முழுசாக இறங்காது. பின்பக்கம் ஒரு குறுக்கு ஆணியில் மாட்டியிருக்கும், முன்பக்கம் மட்டும் தாழும். 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி இப்படித்தான். அதன் ஈயக் குண்டு மட்டும் 480 கிரெய்ன், ஏறக்குறைய 31 கிராம். பிற்பாடு இதே பூட்டைச் சின்னதாக்கி பிஎஸ்ஏ கம்பெனி செய்த பாயின்ட் 22 (0.22 அங்குலக் குழல்) ரைபிள்களால் தலைமுறை தலைமுறையாகக் குறி சுட்டார்கள். மூன்றாவதாக ரெமிங்டனின் உருளும் கட்டையும் உண்டு. அதில் கட்டியை முட்டுக்கொடுத்து நிற்க வைப்பது குதிரையேதான், அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல். நாலாவது, நமக்குப் பழக்கமான, குழலைக் கீலில் மடக்கி முறித்துத் திறக்கும் வகை. ஆஸ்திரியா, ஜெர்மனி மலைகளில் கிப்லாஃப் என்ற பெயரில் மெலிசாக, எடை குறைவாகச் செய்கிறார்கள்.

இந்த வடிவங்களில் கண்கூடாகக் கிடைக்கும் லாபம் நீளம். போல்ட் முன்னும் பின்னும் ஓட ஒரு தோட்டா நீளத்துக்கு மேல் இடம் வேண்டும். ஒற்றைத் தோட்டாவில் அந்த இடமே தேவையில்லை. அதே குழல் நீளத்துக்கு மொத்தத் துப்பாக்கி ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். இல்லாவிட்டால் அதே மொத்த நீளத்தில் 10 சென்டிமீட்டர் கூடுதல் குழல் வைத்துக்கொள்ளலாம். மேகசின் இல்லாததால் குண்டு கூர்முனையாக இருந்தாலும் மொட்டையாக இருந்தாலும் ஒன்றுதான். எங்கும் இடித்து நிற்காது. விளிம்பு வைத்த பழைய தோட்டாக்களும் சுகமாக வேலை செய்யும்.

குறை சொல்லாமல் விட முடியாது. முதல் குறை, சுட்டபின் மிஞ்சும் தோட்டாக் கூட்டை வெளியே இழுப்பது. போல்ட்டைத் தூக்கித் திருப்பும்போதே ஒரு திருகு வலு கூட்டை அசைத்துவிடும். இறங்குகட்டையில் அந்த வலு குறைவு, ஒரு சின்ன நெம்பு மட்டும்தான். அதனால் தோட்டா அறையில் அழுக்கோ துருவோ இருந்தால் கூடு அப்படியே பிடித்துக்கொள்ளும். அறைக்கென்று உள்ள பிரஷ்ஷால் தனியாகத் துடைக்க வேண்டும். வழுக்கட்டும் என்று அறைக்குள் எண்ணெய் விட்டுவிட்டுச் சுடுவதுதான் பலர் செய்யும் தப்பு. கூடு வெடிக்கும்போது விரிந்து அறைச்சுவரைப் பிடிக்கும்; எண்ணெய் இருந்தால் பிடிக்காது, முழு உதையும் கட்டிக்குப் போகும். சுடுமுன் அறை காய்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது முன்கட்டை. இவற்றில் மரக்கட்டை இரண்டு துண்டு. முன்துண்டு குழலையோ அதன் அடியில் உள்ள ஒரு தண்டையோ பிடித்துத் தொங்கும். குழல் சூடேறும்போது அழுத்தம் மாறும்; குறி மேலே மேலே ஏறி, ஓட்டைகள் ஒரு கோடாக வரும். தொலைநோக்கி கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முன்கட்டைத் திருகை ஒவ்வொரு தடவையும் ஒரே இறுக்கத்தில் வைப்பது, மணல் பையில் எப்போதும் கட்டையின் ஒரே இடத்தைச் சாய்ப்பது, குழலை மட்டும் பையில் வைக்காமல் இருப்பது, இரண்டு வேட்டுக்கு நடுவே குழல் ஆறும் வரை பொறுப்பது: இவ்வளவு செய்தாலே பாதித் தொல்லை போய்விடும். வெளியே குதிரை வைத்த பழைய மாடல்களில் இன்னொன்றும் உண்டு. கனமான குதிரை விழ நேரம் எடுக்கும். விசை இழுத்ததும் தலையைத் தூக்கினால் குண்டு வெளியேறும் முன்பே குழல் அசைந்துவிடும்.

நமீபியா, ஸ்காட்லாந்து மாதிரி சட்டப்படி வேட்டை உள்ள நாடுகளில் இதை விரும்பி எடுப்பவர்களின் கணக்கு வேறு. இரண்டாவது தோட்டா உடனே வராது என்பதால் வேலை முழுவதும் சுடுவதற்கு முன்னாலேயே நடக்கும். காற்றுப் பார்த்து இன்னும் 50 மீட்டர் நெருங்குவது, மிருகம் பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருப்பது, சாய்க்க இடமில்லை என்றால் சுடாமல் திரும்பி வருவது. பாயின்ட் 30-06 வகைத் தோட்டாவுக்கு 100 மீட்டரில் சுமார் 5 சென்டிமீட்டர் மேலே படுமாறு வைத்தால் 200 மீட்டரில் கிட்டத்தட்டக் குறியிலேயே விழும். அதற்கு மேல் தூரத்தில் ஒற்றைத் தோட்டாவை நம்பிச் சுடுவது சரியில்லை என்பது என் கருத்து. அடிபட்டு ஓடும் மிருகத்துக்கு அடுத்த தோட்டாவை உடனே தரக் கருவி கையில் இல்லை. பழகியவர்கள் இடது கை விரலிடுக்கில் ஒன்றைப் பிடித்திருப்பார்கள், சில நொடியில் போட்டுவிடுவார்கள். ஆனால் அது பதறாத கைக்கு மட்டும்தான்.

நம்ம ஊரில் இதே ருசி வேண்டுமென்றால் இடம் ரைபிள் கிளப்தான். நிறைய பேருக்குத் தெரியாத சேதி: ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைபிளும் 50 மீட்டர் பாயின்ட் 22 ரைபிளும் விதிப்படியே ஒற்றைத் தோட்டாதான், ஒவ்வொன்றாகக் கையில் போட வேண்டும். 2008இல் அபினவ் பிந்த்ராவின் தங்கமும், 2012இல் ககன் நாரங்கின் வெண்கலமும், 2024இல் ஸ்வப்னில் குசாலேயின் வெண்கலமும் அப்படித்தான் வந்தன. 10 மீட்டரில் 10 புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர் பொட்டு. 50 மீட்டரில் அது 10.4 மில்லிமீட்டர். ஏர் ரைபிளில் 60 வேட்டுக்கு 75 நிமிடம். ஒரு வேட்டுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். பாயின்ட் 22இல் ஒரு எச்சரிக்கை: தோட்டா இல்லாமல் விசையைத் தட்டிப் பார்க்காதீர்கள். இந்தத் தோட்டாவில் அடி விளிம்பில் விழுவதால், வெற்று அடியில் சுடும் முள் அறையின் விளிம்பையே நசுக்கிவிடும்.

உரிமம் என்று பார்த்தால், 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவே வழி பிரித்துச் சொல்கிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழக் குழல் துப்பாக்கி. பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் உறுப்பினருக்குக் குறிப்பயிற்சிக்கு மட்டும் பாயின்ட் 22. பயிர்க்காவல் உரிமம் இருந்தாலும் வனவிலங்குச் சட்டம் தளராது, வெடிச்சத்தத்தில் விரட்டலாம், அவ்வளவே. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்குக் குறைந்த ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். அதை வைத்துக் காக்கா, புறா என்று கிளம்பினால் அதுவும் வழக்குதான். விண்ணப்பம் கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களில் போலீஸ் கமிஷனருக்கு, மற்ற இடங்களில் கலெக்டருக்கு. வயது 21 ஆகியிருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி, உரிமம் 5 வருடம். சொல்லிக்கொள்ளும்படியான ஒற்றைத் தோட்டா ரைபிள் இங்கே புதிதாகக் கிடைப்பது அரிது. அரசு ஆலையின் பாயின்ட் 315 மேகசின் வைத்த போல்ட் ரைபிள்.

ஆக, கொங்கு வீடுகளில் ஒற்றைத் தோட்டா என்றால் நடைமுறையில் 12 போர் (குழல் அகலத்தின் அளவு) ஒற்றைக்குழல்தான். அது ரைபிள் இல்லை, உள்ளே குண்டைச் சுழற்றும் மரை கிடையாது, சின்னச் சின்ன உருண்டைகளான ரவை சுடுவது. ஆனாலும் பூட்டின் சேதி ஒன்றே. தாத்தா வைத்துவிட்டுப் போனதைச் சுடும் முன் பார்க்க வேண்டியவை இவை.

தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். முன்கட்டையைக் கழற்றிவிட்டுப் பிடியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். குழலுக்கும் பின்சுவருக்கும் இடையில் ஆட்டமோ ‘டக் டக்’ சத்தமோ இருந்தால் கீல் ஆணி தேய்ந்திருக்கிறது. அதற்குத் துப்பாக்கி வேலை தெரிந்த உரிமம் பெற்ற ஆள்தான் வேண்டும், பம்புசெட் பட்டறையில் வெல்டு வைப்பது கொலைக்கு வழி. அடுத்து அறை நீளம். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர். இப்போது கடையில் தருவது 70 என்றால், மடித்த வாயோடு அது தடையில்லாமல் உள்ளே போகும், வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழலில் நீர்க்கோடு மாதிரி டமாஸ்கஸ் வரி தெரிந்தால், அது கறுப்பு மருந்துக் காலத்தது. சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது. 20 போர் தோட்டாவை 12 போர் வீட்டில் வைக்கவே வேண்டாம். அது சின்னது, உள்ளே நழுவிக் குழலில் சிக்கும், தெரியாமல் பின்னால் ஒரு 12 போட்டால் குழல் கிழியும். பரணில் கிடந்ததென்றால் குழல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தே ஆக வேண்டும். குளவி மண்கூடு கட்டியிருக்கும்.

விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி 30 நொடி பொறுத்துத் திறங்கள். தோட்டாவின் பின்முனையில் உள்ள கேப்பில் அடி ஆழமாக விழுந்திருந்தால் தோட்டா பழசு. லேசாகவோ ஓரமாகவோ இருந்தால் முள்ளோ சுருளோ தேய்ந்தது.

எண்ணெய் விசயத்தில் நம்ம ஊர் வழக்கம் ஒன்று கெடுதல். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். தாளவாடி, ஏற்காடு, வால்பாறை மார்கழிக் காலையில் பூட்டே நகராது, நாள்பட்டால் பிசினாகிவிடும். மெல்லிய கனிம எண்ணெய் போதும், அதுவும் துணியில் தடவும் அளவுதான். பழைய ராணுவத் தோட்டா சுட்டிருந்தால் கேப்பின் உப்பு குழலில் படிந்திருக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. கொதிநீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காய வைத்து, அப்புறம் எண்ணெய் தடவ வேண்டும். தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள், ஈரத்தை உறிஞ்சித் துருவைக் கொடுக்கும். தோட்டாவைத் தோல் வாரில் சொருகி வைத்தால் பித்தளையில் பச்சை பூக்கும்.

உரிமம் தாத்தா பெயரிலேயே இருந்து அவர் காலமாகிவிட்டால், துப்பாக்கி வீட்டில் இருப்பதே குற்றம். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு விண்ணப்பம் போட வேண்டும். அவர் இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு: 70 வயது ஆனாலோ, 25 வருடம் வைத்திருந்தாலோ வாரிசுக்குக் கேட்கலாம். தேர்தல் நேரத்திலும் ஒப்படைக்கச் சொல்வார்கள், திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். கொண்டுபோகும் முன் குழலின் உள்ளும் வெளியும், பூட்டின் மேலும் கிரீஸ் கனமாகப் பூசி, மெழுகுத் தாள் சுற்றி, வரிசை எண்ணை ரசீதில் சரிபார்த்துக் கொடுங்கள். திரும்ப வாங்கியதும் அந்தக் கிரீஸைக் குழலிலிருந்தும் அறையிலிருந்தும் சுத்தமாக வழித்தெடுத்த பிறகே தோட்டா போடலாம்.