பிரேசிலின் சால்வடார் நகரில் ஒரு செமஸ்டர் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, வீட்டில் பயப்படுகிறார்கள். போகலாமா? ஆங்கிலம் மட்டும் போதுமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் ஆங்கிலம் மட்டும் போதாது.

நான் ஜெர்மனியில் வரலாறு முதுகலை படித்தபோது பரிமாற்ற மாணவியாக அங்கே போனவள். சால்வடார் இருக்கும் மாநிலம் பாஹியா, அதன் பெயரில் உள்ள பாஹியா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர். உங்கள் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று சொல்லட்டுமா? 'படிக்கிறதுக்கு யாராவது பிரேசில் போவாங்களா?' எங்கள் வீட்டிலும் இதே பாட்டுதான். கார்னிவலும் கால்பந்தும் துப்பாக்கியும் தவிர அந்த நாட்டில் வேறெதுவும் இல்லை என்று நம்மவர்களுக்கு ஓர் எண்ணம்.

1549இல் உருவான ஊர் அது. 1763 வரை பிரேசிலின் தலைநகர். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்கிய துறைமுகம். குன்றின் மேல் இருக்கும் பழைய மேல் நகரத்தில் சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பெலோரின்யோ, அடிமைகளைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்த தூண் நின்ற இடம். அதே சரிவில் நீல நிறத்தில் ஒரு ஜெபமாலை மாதா கோவில் இருக்கிறது. வெள்ளையர்களின் கோவில்களில் இடமில்லாத கறுப்பின மக்கள், வேலை முடிந்து கிடைத்த நேரத்தில், 18ஆம் நூற்றாண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. செவ்வாய்க்கிழமை மாலை அங்கே நடக்கும் பூசையில் ஆப்பிரிக்க முரசு அதிரும். ஒருமுறையாவது போய் உட்காருங்கள்.

1835 ஜனவரியில், ரமலான் மாதத்தில், அந்த ஊரின் முஸ்லிம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மாலே கிளர்ச்சி என்பார்கள். விசாரணை ஆவணங்கள் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, கைதானவர்களிடம் பறித்த அரபித் தாள்கள் உட்பட. வகுப்பில் எங்கள் பேராசிரியர் அதில் ஒன்றின் படத்தைக் காட்டினார். தாயத்துக்குள் வைக்கச் சின்னச் சதுரமாக மடித்திருந்த தடம் அப்படியே தெரிந்தது. அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஒருவன் தெருவில் இறங்கியிருக்கிறான். அடிமை முறை பற்றி அதற்கு முன் எத்தனையோ படித்திருந்தேன், இந்த அளவுக்கு எதுவும் என்னை உலுக்கவில்லை.

'ஒரு செமஸ்டர் இருந்துவிட்டு ஊரைப் பற்றிப் பேச வந்துவிட்டாள்' என்று சிலர் சொல்லலாம். சரி, அங்கேயே ஆண்டுக்கணக்கில் இருப்பவர்களுக்கு என்னைவிட நிறையத் தெரியும்தான். ஆனால் போகாமலே பயமுறுத்துகிறவர்களைவிட எனக்குக் கூடுதலாகவே தெரியும்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். தெருவில் கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள். மேல் நகரத்திலிருந்து கீழ் நகரத்துக்கு 1873இலிருந்து ஓடும் லாசெர்டா லிப்ட் இருக்கிறது, அதிலேயே இறங்குங்கள். பக்கத்துச் சரிவுப் பாதையில் நடக்க வேண்டாம் என்று ஊர்க்காரர்களே சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கீழ் நகரக் கடைவீதி வெறிச்சோடிக் கிடக்கும், அங்கே வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சால்வடாரில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர் அல்லது கலப்பினத்தவர். ஐரோப்பாவில் டிராமில் ஏறினாலே என்மேல் விழும் பார்வை அங்கே இல்லை. உள்ளூர்ப் பெண் என்று நினைத்து என்னிடமே வழி கேட்டார்கள். அப்புறம் ஊருக்குத் திரும்பினால் சித்தி கேட்ட முதல் கேள்வி, 'அங்க எல்லாரும் கறுப்பாமே, எப்படிடி இருந்தே?' சித்தியும் என் நிறம்தான். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெயிலில் இன்னும் கறுத்துவிட்டேன், இனி வரன் பார்ப்பது எப்படி என்று அம்மாவிடம் தனியாகப் புலம்பல் வேறு. கடலை மாவும் பயத்த மாவும் பூசியே வளர்ந்த பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! பெற்றவர்கள் பாசத்தில் செய்தார்கள் என்பார்கள். இருக்கட்டும், எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நீங்கள் கேட்டது இதை இல்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மொழிக்கு வருவோம். பாடம் பெரும்பாலும் போர்த்துகீசில்தான் நடக்கும். நான் முன்கூட்டியே படித்துக்கொண்டு போயும் முதல் மாதம் பாதிதான் பிடிபட்டது, பாஹியாக்காரர்கள் பேச்சு அப்படி. இன்றே தொடங்குங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கல்விக் கட்டணம் கிடையாது. போய் இறங்கிய 90 நாளுக்குள் கூட்டாட்சிக் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும். சிபிஎஃப் என்ற வரி எண்ணை முதல் வாரமே வாங்கிவிடுங்கள், சிம் கார்டு வாங்கப் போனால்கூட அதைத்தான் கேட்பார்கள்.

சைவம் என்றால் அகராஜே வாங்கும்போது கவனம். தட்டைப்பயறு மாவை டெண்டே என்கிற சிவப்புப் பாமாயிலில் பொரித்தெடுப்பார்கள், பார்த்தால் நம்ம ஊர் வடைதான். ஆனால் அதைப் பிளந்து உள்ளே வைக்கும் வதபா விழுதில் காய்ந்த இறால் அரைத்துச் சேர்த்திருக்கும்.