2019 வேகன்ஆர் செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? ரீகால் வந்த வண்டி என்கிறார்களே, எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது வேலூர் பதிவெண் உள்ள 2019 மாருதி வேகன்ஆர், 1.0 லிட்டர் பெட்ரோல், இப்போது இரண்டாவது ஓனர் கையில் இருப்பது. "ரீகால் (குறையுள்ள பாகத்தைச் சரிசெய்ய கம்பெனியே திரும்ப அழைப்பது) ஆன வண்டி, கிட்டவே போகாதே" என்று வீட்டில் சொல்கிறார்கள். "எல்லாம் அப்பவே மாத்தியாச்சு சார்" என்கிறார் புரோக்கர். இரண்டையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆர்சியில் (பதிவுச் சான்றிதழ்) உள்ள சேஸிஸ் நம்பரை வாங்குங்கள், அட்வான்ஸ் பேச்சு அதற்கு அப்புறம்.

இந்த மாடல் 2019 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. அதே வருடம் ஆகஸ்டில் முதல் ரீகால்: 2018 நவம்பர் 15 முதல் 2019 ஆகஸ்ட் 12 வரை தயாரான 1.0 லிட்டர் வண்டிகள், மொத்தம் 40,618. பெட்ரோல் ஹோஸ் ஒரு உலோக கிளாம்பில் உரசுகிறதா என்று பார்த்து, உரசினால் மாற்றித் தர அழைத்தார்கள். அடுத்தது 2020 ஜூலையில், டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் ஃப்யூயல் பம்ப். 2018 நவம்பர் 15 முதல் 2019 அக்டோபர் 15 வரை தயாரான 1.0 லிட்டர் வேகன்ஆர் 56,663. அந்த அறிவிப்பில் பலேனோவும் சேர்ந்து மொத்தம் 1,34,885 வண்டிகள். மூன்றாவது 2024 மார்ச்சில், ஃப்யூயல் பம்ப் மோட்டாரின் ஒரு பாகத்துக்காக. 2019 ஜூலை 30 முதல் நவம்பர் 1 வரை தயாரானவற்றில் 4,190 வேகன்ஆர்.

தேதிகளைக் கவனியுங்கள். 2019 ஆகஸ்ட் முதல் வாரத்தில் தயாரான வண்டி மூன்று பட்டியலிலும் வரக்கூடும். அக்டோபர் கடைசியில் தயாரானது மூன்றாவதில் மட்டும். அதனால் "2020லயே பம்ப் மாத்தியாச்சு" என்பது உண்மையாகவே இருந்தாலும் 2024 ரீகாலுக்கு அது பதில் ஆகாது. இதில் இன்னொரு சிக்கல்: அறிவிப்பு கம்பெனி பதிவில் இருக்கும் ஓனரின் போன் நம்பருக்குப் போகும். ஐந்து வருடத்தில் வண்டி கைமாறியிருந்தால், குடியாத்தத்தில் இருக்கும் பழைய ஓனர் அந்த மெசேஜைப் பார்த்துவிட்டு "வண்டிதான் நம்மகிட்ட இல்லையே" என்று விட்டிருப்பார். செகண்ட் ஹேண்டில் ரீகால் வேலை நிலுவையில் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

பதிவான தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2020 ஜனவரியில் பதிவான வண்டி 2019 அக்டோபரில் தயாராகியிருக்கலாம். தயாரிப்பு மாதமும் வருடமும் ஆர்சியிலேயே தனியாக இருக்கும். சேஸிஸ் நம்பர் எம்ஏ3 என்று தொடங்கி மொத்தம் 17 எழுத்தும் எண்ணுமாக வரும். அதை மாருதியின் இணையதளத்தில் ரீகால் பார்க்கும் பக்கத்தில் போட்டால், வண்டி பட்டியலில் உண்டா என்று தெரியும். அதோடு நிற்காமல், ஏதாவது ஒரு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரியைக் காட்டச் சொல்லுங்கள். ரீகால் வேலை செய்திருந்தால் ஜாப் கார்டில் (செய்த வேலையை எழுதும் சர்வீஸ் சென்டர் சீட்டு) பதிவு இருக்கும். வண்டியில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரும் ஆர்சியும் ஒன்றுதானா என்று கையோடு பார்த்துவிடுங்கள். வேலை பாக்கி இருந்தாலும் பயமில்லை. எத்தனையாவது ஓனராக இருந்தாலும், வாரண்டி முடிந்திருந்தாலும், ரீகால் வேலை இலவசம். முடிந்தால் விற்பவரையே செய்து கொடுக்கச் சொல்லி, ஜாப் கார்டு நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

பம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஊர் வெயிலுக்கு அது முக்கியம். இந்தப் பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி ஓடுவது. அந்தப் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சியும் தருகிறது. அக்னி நட்சத்திரத்தில் எப்போதும் ரிசர்விலேயே ஓடும் வண்டியில் பம்ப் சூடாகி சீக்கிரம் தேயும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுபோகும், அல்லது ஸ்டார்ட்டர் சுற்றும் ஆனால் இன்ஜின் பிடிக்காது, கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் பிடித்துக்கொள்ளும். சோதிக்க, கண்ணாடியை ஏற்றி, ரேடியோவை அணைத்து, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பின்சீட் பக்கத்திலிருந்து ஓரிரு விநாடி மெல்லிய ரீங்காரம் வந்து நிற்க வேண்டும். ஓடும்போது அதே சத்தம் பெரிதாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் பம்ப் களைத்துவிட்டது. ஓட்டிப் பார்ப்பதை மதியம் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி போட்டு அரை மணி நேரம் ஓட்டி, பத்து நிமிடம் ஐடிலில் (நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓட) விட்டு, அணைத்துவிட்டு உடனே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். காலை ஆறு மணிக்கு வரச்சொல்லி ஓட்டவிட்டால் இது எதுவும் தெரியாது. (ஆனால் குளிர்ந்த இன்ஜின் முதல் ஸ்டார்ட்டில் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க இன்னொரு நாள் காலையில் போவதும் நல்லது. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கிறார்கள்.)

ஹோஸுக்கு மூக்கே போதும். டேங்கை நிரப்பி ஒரு மணி நேரம் நிழலில் நிறுத்தினால் பெட்ரோல் வாசனை வரக்கூடாது. லிஃப்டில் ஏற்றி, பெட்ரோல் லைன் நெடுக ஈரமோ, கிளாம்ப் பக்கத்தில் ரப்பர் தேய்ந்த தடமோ இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரீகாலில் வராத வழக்கமான தொந்தரவுகளும் உண்டு. மூன்று சிலிண்டர் இன்ஜின், ஐடிலில் லேசான அதிர்வு இருக்கத்தான் செய்யும். கியர் ராடும் டாஷ்போர்டும் சேர்ந்து ஆடினால் இன்ஜின் மவுண்டிங் போயிருக்கும். மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது முன்பக்கம் "டக் டக்" என்றால் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராட் அல்லது ஸ்ட்ரட் மவுண்ட் தேய்ந்திருக்கும். லிஃப்டில் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயிண்ட் ஆட்டம் தெரியும், பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்டியரிங்கின் டை ராட் எண்ட் ஆட்டம் தெரியும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வர சோம்பல்படுவது இந்த வண்டியின் சுபாவம், அதற்காக விலை குறைக்க முடியாது. கிளட்சுக்கு காட்பாடி ரயில்வே மேம்பாலம் போதும். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஏஜிஎஸ் (கிளட்ச் பெடல் இல்லாமல் தானாக கியர் மாறும்) வண்டியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: அதே ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது உதறினாலோ, கியர் தானாக நியூட்ரலுக்கு வந்து நின்றாலோ, கியரை மாற்றும் ஆக்சுவேட்டரோ கிளட்சோ செலவு வைக்கும். ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதைப் பிடுங்கியிருக்கிறார்கள், வண்டி அடிபட்டதா என்று தோண்டிப் பாருங்கள். 2019 வண்டிகளில் முன் பயணிக்கு ஏர்பேக் எல்லா வேரியண்டிலும் கிடையாது. 2023ல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் வேகன்ஆர் பெரியவர்களுக்கு ஒரு ஸ்டார்தான் வாங்கியது என்பதையும் மனதில் வையுங்கள்.

வேலூருக்கே உரிய இரண்டு விஷயம். சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளை சென்னை ஏர்போர்ட், திருப்பதி, பெங்களூரு என்று ஏற்றிப்போன வண்டிகள் மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளைக்கு மாறி விற்பனைக்கு வரும். ஹிஸ்டரியில் உள்ள கிலோமீட்டரை மீட்டரோடு ஒப்பிடுங்கள். 50,000 காட்டும் வண்டியில் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. அடுத்தது வெள்ளம். 2021 நவம்பர் பாலாற்று வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் மூழ்கிய வண்டிகள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக்கோடு தெரியும். தரை விரிப்பின் அடியிலும் சீட் ரெயிலிலும் ஸ்டெப்னி குழியிலும் துரு தெரியும். அந்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம், வயரிங் வருடக்கணக்கில் உயிரை வாங்கும்.

இதே பணத்தில் இதைவிடப் பிந்தைய வருட வண்டி பார்த்தால், 2022 ஆகஸ்ட் 3 முதல் செப்டம்பர் 1 வரை தயாரான வேகன்ஆர், செலேரியோ, இக்னிஸ் 9,925 வண்டிகளுக்கு, பின்சக்கர பிரேக்கில் உள்ள ஒரு பின்னுக்காக (pin) ரீகால் உண்டு, அதையும் சேஸிஸ் நம்பரில் பாருங்கள். சிஎன்ஜி என்றால் சிலிண்டர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (அழுத்தச் சோதனை) ஆகியிருக்க வேண்டும், ஆர்சியிலும் எரிபொருள் அப்படியே பதிவாகியிருக்க வேண்டும். லோன் முடிந்த வண்டியாக இருந்தால் பேங்க் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை கடிதம்) லோன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35ம் கைக்கு வந்த பிறகே, பெயர் மாற்றும் ஃபார்ம் 29, 30ல் கையெழுத்து. பெயர் மாற்றியதும் உங்கள் போன் நம்பரை சர்வீஸ் சென்டர் பதிவில் சேர்த்துவிடுங்கள், அடுத்த ரீகால் வந்தால் மெசேஜ் உங்களுக்கு வரும்.