மஞ்சள் முக்கோணமும் ஈயச்சொம்பும்: லேபிள் பற்றிய கேள்வி பதில்

கடலூர் சிப்காட்டில் ஒரு பெயின்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் 22 வருடம் வேலை பார்த்தவன் நான். வீட்டு அலங்காரப் பொருள்களில் இருக்கும் ரசாயன எச்சரிக்கைகளைப் பற்றிக் கேளுங்கள், வைத்தியம் மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன். அதையும் கேட்டிருக்கிறீர்கள்.

லாஸ்பேட்டை வாசகி: மகள் அமெரிக்காவிலிருந்து பீங்கான் பூஜாடி கொண்டுவந்தாள். அடியில் மஞ்சள் முக்கோணம் போட்டு, லெட் (lead) என்ற உலோகம் இருக்கிறது, கலிபோர்னியாவுக்குத் தெரிந்தவரை அது புற்றுநோய் தரும் என்று எழுதியிருக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?

வேண்டாம். அது 1986-இல் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம், புராப் 65 என்பார்கள். லேபிளில் எச்சரிக்க வேண்டிய பட்டியலில் சுமார் 900 ரசாயனங்கள் இருக்கின்றன. மஞ்சள் முக்கோணம் வந்தது 2018 ஆகஸ்டில். லெட்டுக்கு அவர்கள் வைத்த எல்லை ஒரு நாளைக்கு 0.5 மைக்ரோகிராம். கருவைப் பாதிக்கும் பொருள் என்றால், பாதிப்பே தெரியாத அளவை ஆயிரத்தால் வகுத்து எல்லை வைப்பது அந்தச் சட்டத்தின் கணக்கு. லேபிள் ஒட்டாமல் மாட்டிக்கொண்டால் நாளொன்றுக்கு 2500 டாலர் வரை அபராதம், தனி ஆள்கூட வழக்குப் போடலாம். அதனால் சந்தேகம் வந்தாலே ஒட்டிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கம்பெனிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே லேபிள் இல்லாத ஜாடி சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம்.

லேபிளைப் பார்த்ததும் இரண்டே கேள்வி கேளுங்கள். என்ன ரசாயனம்? அது எந்த வழியாக என் உடம்புக்குள் போகும்? மெருகுக்குள் இருக்கும் லெட் ஷெல்பிலிருந்து பறந்து வராது. அதே ஜாடியில் எலுமிச்சை ஜூஸ் ஊற்றினால் புளிப்பு அதைக் கரைத்துக்கொண்டு வரும். நான் பயப்படுவது வேறொரு வாசகத்துக்கு: "உணவுக்கு அல்ல, உணவை நஞ்சாக்கலாம்". சுவரில் மாட்டும் பீங்கான் தட்டுகளின் பின்னால் இருக்கும். விருந்தாளி வந்தார் என்று அதை இறக்கி முறுக்கு வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முத்தியால்பேட்டை: சீரியல் செட் லைட்டிலும் அதே லேபிள்.

ஒயரின் மேலுறை பி.வி.சி. அது கெடாமலிருக்க லெட் உப்புகளைச் சேர்ப்பதுண்டு. மாட்டி முடித்துக் கை கழுவுங்கள். குழந்தை வாயில் வைக்க விடாதீர்கள்.

மஞ்சக்குப்பம்: கண்ணாடி பிரேமில் அதே லேபிள்...

முதல் பதில்.

பண்ருட்டி வாசகர்: கொலு பொம்மையில் லேபிளே இல்லையே?

நல்ல கேள்வி. நம் நாட்டில் வீட்டு, அலங்காரப் பெயின்டுகளில் லெட் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் விதி வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. டப்பாவில் இதை அச்சிட்டிருக்க வேண்டும். விதி பெயின்டுக்குத்தான், பொம்மைக்கு ஸ்டிக்கர் கிடையாது. பொம்மை வாங்கும்போது எந்த டப்பா பெயின்ட் என்று கேளுங்கள், பண்ருட்டியில் வாங்கினாலும் சரி, திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையானாலும் சரி. வில்லியனூர் சுடுமண்ணில் வண்ணமே பூசாதது கிடைத்தால் இன்னும் நிம்மதி. பாட்டி காலத்துப் பொம்மைக்குப் புது வண்ணம் அடிக்கிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பெயின்டில் அடங்கிக் கிடக்கும் லெட்டைத் தூளாக்கி மூக்குக்குள் அனுப்பும் வேலை அது.

அரியாங்குப்பம்: குச்சி செருகிய வாசனைத் திரவ பாட்டிலில் சிவப்புக் கட்டத்துக்குள் நெருப்பு, ஆச்சரியக்குறி, செத்த மீன்.

இது உலகப் பொதுக் குறியீடு. நெருப்பு என்றால் தீப்பற்றும், பூஜை விளக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆச்சரியக்குறி தோல், கண் எரிச்சலுக்கு. மீன் என்றால் நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாது. மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினால் கடைசியில் கடலுக்குத்தான் போகும்.

நெய்வேலி: ஊதுபத்தி வைத்தால் இருமல் வருகிறது, என்ன மாத்திரை?

டாக்டரைப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: பித்தளைக் குத்துவிளக்குக்கும் அந்த எச்சரிக்கை போடுகிறானாமே! லெட் என்றால் ஈயம். என் பாட்டி ஈயச்சொம்பில் ரசம் வைத்து 90 வயது வாழ்ந்தார். நம் பொருளைக் கெடுக்கும் சதி ஐயா இது.

பாட்டிக்கு வணக்கம். ஆனால் லெட் என்பது காரீயம். ஈயச்சொம்பு வெள்ளீயம், அதாவது டின். தமிழில் இரண்டுக்கும் ஒரே வால் இருப்பதால் இந்தக் குழப்பம். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடைசலுக்கு இலகுவாக இருக்க அதில் 2, 3 சதவீதம் காரீயம் சேர்ப்பதுண்டு. எச்சரிக்கை அதற்கு. விளக்கைப் புளி போட்டுத் தேய்த்த கையோடு சாப்பிடாதீர்கள், அவ்வளவுதான்.

வில்லியனூர்: அப்படியானால் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினார்களே, அது விஷமா?

பூசியது வெள்ளீயம். பித்தளையில் புளிப்பு பட்டால் கெடும் என்று தெரிந்துதான் பூசினார்கள். விலை குறைக்கக் காரீயம் கலப்பவர்களும் உண்டு என்பது வேறு வருத்தம்.

மஞ்சக்குப்பம்: எப்படிக் கண்டுபிடிப்பது?

சுத்தக் காரீயம் வெள்ளைத்தாளில் உரசினால் சாம்பல் கோடு போடும். கலப்படத்தில் இந்தச் சோதனையை நம்ப முடியாது, ஆய்வுக்கூடம்தான்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: நாங்கள் பள்ளியில் படித்தது ஈயம்தான். உங்கள் லெட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி.

கோரிமேடு: ஒயிட் டவுனில் பழைய வீடு, பச்சை ஜன்னல்கள். தேய்த்துவிட்டு...

தேய்க்காதீர்கள்! ஈரத்துணி, முகக்கவசம், குழந்தைகள் வேறு வீட்டில். உப்புத்தாள் வேண்டாம் என்று மேலேயே சொன்னேன்.

முதலியார்பேட்டை: போட்டோ பிரேமில் மஞ்சள் முக்கோணம்...

முதல் பதில், முதல் பதில்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: ஐயா, பாட்டி சொம்பை வெறுமையாக காஸில் வைத்துப் பார்த்தேன். உருகி ஓடிவிட்டது. இப்போது அது எந்த ஈயம்?

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-இல். உங்கள் காஸ் அடுப்பு இரண்டையும் உருக்கும். அடுப்பை நன்றாக ஆற விட்டு, கட்டியை எடுத்து வையுங்கள்.