டெல்லியில் ஒரு வாரம் தங்க வேண்டும், ஓட்டல் வாடகை கட்டுப்படியாகாது. யாராவது வீட்டு அறையில் தங்கலாமா?

தாராளமாகத் தங்கலாம். ஆனால் வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்கிறாரா என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2022 டிசம்பரில் திருச்சியிலிருந்து அம்மாவை அழைத்துப்போனபோது படத்தைப் பார்த்து ஓர் அறை பிடித்தேன். போய் இறங்கினால் காவலாளி சாவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். நான்கு அறையிலும் நான்கு கூட்டம், வீட்டுக்காரர் எந்த ஊரிலோ. கீசர் ஓடவில்லை. அந்தக் குளிரில் அறுபத்தேழு வயது அம்மா பச்சைத் தண்ணீரில் குளித்ததை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

மறுநாளே அத்தையின் சிநேகிதி வழியாக மயூர் விஹார் முதல் ஃபேஸில் ஒரு மாமி வீட்டுக்கு மாறினோம். மகன் வெளிநாட்டில், அவன் அறை காலியாக இருந்தது. ஒரு நாளைக்கு 1,200 ரூபாய், காலை டிபனோடு. உள்ளே நுழைந்ததும் மாமி கேட்டது, "அம்மாவுக்குக் காபியில சக்கரை போடலாமோன்னோ?"

வாடகையில் மிச்சமானதைவிட மாமி சொல்லிக்கொடுத்ததில் மிச்சமானது அதிகம். திங்கட்கிழமை செங்கோட்டை மூடியிருக்கும் என்று சொல்லி எங்கள் திட்டத்தையே மாற்றினார். ஹுமாயூன் கல்லறைக்கு டாக்ஸி பேச இருந்தேன். "மெட்ரோ பிங்க் லைன்ல அடுத்த ஸ்டேஷன் நிஜாமுதீன், அங்கேர்ந்து ஆட்டோ போதும்" என்றார். சாயங்காலம் அம்மாவை உத்தர குருவாயூரப்பன் கோயிலுக்குத் தானே கூட்டிப்போனார். ஊர் சுற்றிக் களைத்த அம்மாவுக்கு அந்த அரை மணி நேரத் தமிழ்ப் பேச்சுதான் மருந்து.

நாமும் வீட்டு மனிதர்களாக நடந்துகொள்ள வேண்டும். இரவு ஒன்பதரைக்குள் திரும்பினோம், தாமதமானால் போன் செய்தோம். கேட்காமல் சமையலறைக்குள் போகவில்லை.

தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் சுற்றுலாத் துறையில் பதிவு செய்த வீடாகப் பாருங்கள். மத்திய அரசின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விடலாம், உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும் என்பது விதி. கோல்டு, சில்வர் என்று தரமும் உண்டு. டெல்லியில் இதற்கென்றே 2007-இல் தனிச் சட்டம் வந்தது. மலேசியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ உறவினர் யாராவது கூட வந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அரசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும்.

போனில் பேசும்போது கீசர், குளியலறை தனியா பொதுவா, எத்தனையாவது மாடி, மூன்றையும் கேளுங்கள். டி.டி.ஏ. (டெல்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய பழைய குடியிருப்புகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. மாமி வீடு தரைத்தளம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அம்மாவின் பெட்டியைக் கட்டினேன்.