ஒரு சுழி கூடினால்

கேள்வி: பேரனுக்கு 'அனில்' என்று பெயர் வைத்தோம். 'அதற்கு நெருப்பு என்று அர்த்தம், நம்ம ஊர் வெயிலுக்குப் பொருத்தம்தான்' என்று சம்பந்தி கேலி செய்கிறார். சரியா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: சம்பந்தி ஓர் எழுத்தைத் தவறவிட்டிருக்கிறார் அம்மா. வடமொழியில் அனலம் நெருப்பு, அனிலம் காற்று. உங்கள் பேரன் காற்று. ஆனால் மே மாதம் மத்தியானம் வேலூர்க் கோட்டை அகழி ஓரமாக நடப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், அதில் அவர் கட்சி நான்.

காற்றுக்கு வடமொழியில் பெயர் பல. வாயு, வாதம் இரண்டுக்கும் 'வா' என்பது வேர், வீசுதல் என்று பொருள். நம் முழங்காலில் வந்து உட்காரும் வாதமும் அதுவே. அனிலத்தின் வேர் வேறு: 'அன்', மூச்சு விடுதல். பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன் என்று ஐந்து வாயுக்களைச் சொல்வார்களே, ஐந்திலும் இந்த 'அன்' ஒளிந்திருக்கிறது. பிராணனில் மட்டும் ஏன் மூன்று சுழி என்கிறீர்களா? முன்னால் நிற்கும் ரகரம் செய்த வேலை. மற்ற நான்கில் அந்த ரகரம் இல்லை, சுழியும் கூடவில்லை. கிரேக்க மொழியில் காற்றுக்கு 'அனெமோஸ்' என்று பெயர். இதே வேரின் தூரத்துச் சொந்தம். காற்றின் வேகத்தை அளக்கும் கருவியை அனிமோமீட்டர் என்பது அதனால்தான்.

சுழி என்றதும் என் பாவம் ஞாபகம் வருகிறது. ஆற்காட்டில் தமிழாசிரியராக இருந்தபோது, வருகைப் பதிவேட்டில் ஒரு பையன் பெயரை 'அணில்' என்று எழுதிவிட்டேன். மாணவர் தலைவன் அதைப் பார்த்துவிட்டான். மறுநாள் அந்தப் பையன் எழுந்து 'உள்ளேன் ஐயா' என்று திரும்பினால், சட்டை முதுகில் ரோஸ் கலர் சாக்பீஸில் மூன்று கோடு! வகுப்பே சிரித்தது. பையனும் சிரித்தான், நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். தமிழாசிரியர் செய்யும் தப்பா அது?

சம்பந்தியை விடுங்கள். முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, எத்தனை சுழி என்று எண்ணுங்கள். மூன்று இருந்தால் பள்ளியில் சேர்ப்பதற்குள் திருத்திவிடுங்கள்.